லோக்கல் என்று எறிந்த டிரம்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் அம்மணிகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பழைய காரை எப்படிப் பிரிப்பது, எப்படிப் பூட்டுவது என்பதெல்லாம் இன்று உங்கள் போனிலேயே கிடைக்கிறது. அதை நான் எழுதினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். ஆகவே ஒரே ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். துடியலூர்ப் பட்டறையில் வெல்டிங்குக்கு ஆள் உண்டு, பெயிண்டுக்கு ஆள் உண்டு, சீட் தைக்க ஆள் உண்டு. எல்லாரும் முடித்த பிறகு வண்டியை ஓட்டிப் பார்த்து, “போலாம்” என்று சொல்வது நான். அந்த ஒரு சொல்லுக்குத்தான் எனக்குச் சம்பளம். நான் சொல்லாமல் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டாது. அதனால் என்னைப் பிசாசு என்று பின்னால் பேசிக்கொண்டவர்கள் உண்டு. பேசட்டும்.

நம் தொழிலில் இரண்டு சொற்கள் இருக்கின்றன, ஒரிஜினல், லோக்கல். ஒரிஜினல் என்று சொல்லும்போது கோயிலுக்குள் நுழைந்த மாதிரி குரல் தாழும். லோக்கல் என்று சொல்லும்போது உதடு சுழிக்கும். உங்களுக்கும் இதற்குள் அந்தப் பழக்கம் வந்திருக்கும்.

அந்த வண்டி ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்த கறுப்பு செடான். கொண்டுவந்தவர் ஒரு டாக்டரம்மா. எண்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு, பட்டறை மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல். வால்பாறையில் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். ஆஸ்பத்திரி வண்டியாக இருந்ததை, எஸ்டேட்காரர்கள் விற்றபோது அவரே வாங்கிக்கொண்டார். ஓய்வுபெற்றுக் கோவைக்கு இறங்கிய பிறகு அது தார்ப்பாய்க்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

“ஏனுங் அம்மணி, இது மறுபடியும் மலையேறி எறங்குமா?” என்று என்னிடம் கேட்டார்.

“எந்த மலைங்க?”

“வால்பாறைதான். வேற எந்த மலைக்கு நான் போகப்போறேன்? ஸ்டெல்லா மேல இருக்கா. அவளைக் கீழ கூட்டிக்கிட்டு வரோணும்.”

ஸ்டெல்லா சிஸ்டர் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மலையை விட்டு இறங்கவும் இல்லை. இப்போது இரண்டு கண்ணிலும் புரை முற்றி, எதிரே நிற்கும் ஆளின் நிழல்தான் தெரிகிறது. இந்த மழைக்கு முன்னால் ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். சிஸ்டரோ பிடிவாதக்காரி. பஸ்ஸில் ஏறினால் வாந்தி, டாக்ஸிக்காரர்களின் வேகம் பயம். “நம்ம வண்டி வந்தா வாரேன், இல்லாட்டி கண்ணு போனாப் போகட்டும்” என்று சொல்லிவிட்டாராம்.

“அவ புடிச்சாப் புடிதானுங்க. அம்பது வருசமா பாத்துட்டுத்தானே இருக்கேன்” என்றார் டாக்டரம்மா. திட்டுகிற மாதிரிதான் சொன்னார். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவருடைய மகன் பிரபு நல்ல பையன். பையன் என்ன, ஐம்பது வயது. ஒரு மில்லில் மேனேஜர். அவருக்கு ஒரே ஆசைதான். “எல்லாமே ஒரிஜினலா இருக்கோணுங்க அக்கா. எங்கம்மா வண்டியில ஒரு போலிச் சாமான்கூட இருக்கக்கூடாது.” சிஸ்டரை இறக்கியதும் வண்டியைப் பழைய கார் கண்காட்சிக்குக் கொண்டுபோகவும் எண்ணம் இருந்தது. அதற்காக மட்டும் சொன்னார் என்று நினைக்காதீர்கள். அம்மாவுக்குச் செய்கிற மரியாதை அது என்று அவர் மனசார நம்பினார். நானும் நம்பினேன்.

முன்சக்கரங்களின் பிரேக் டிரம்களைக் கழற்றியபோது இரண்டும் உள்பக்கம் உரசி உரசித் தேய்ந்திருந்தன. இனி ஓட்டக் கூடாத அளவு. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புச் சட்டிதான் டிரம். பெடலை மிதித்தால் உள்ளே இருக்கும் ஷூக்கள் அதை உரசிப் பிடித்து நிறுத்தும். உரசினால் சூடு. சூட்டை டிரம் தாங்க வேண்டும்.

பிரபு எங்கெங்கோ விசாரித்து இங்கிலாந்திலிருந்தே ஒரு ஜோடி டிரம் வரவழைத்தார். அந்தக் காலத்திலேயே செய்து, யாரும் பூட்டாமல், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடியே இருந்தவை. கம்பெனி முத்திரை பளிச்சென்று இருந்தது. குழந்தை பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி பட்டறையே கூடி நின்று பார்த்தது. பக்கத்தில் கழற்றிப் போட்ட பழைய டிரம்கள் கிடந்தன. கனமாக, முத்திரை இல்லாமல், வெளிப்புறம் சுற்றிலும் சாய்வான வரிகளோடு, பார்க்க முரட்டுத்தனமாக இருந்தன.

“லோக்கலுங்க்கா. சாமான் வராத காலத்துல யாரோ அடிச்சுவிட்டிருக்காங்க” என்றான் சாமான் பூட்டும் பிட்டர். எல்லாரும் சிரித்தோம். பழைய இரும்பு மூலைக்குப் போயின இரண்டும். நம் பட்டறையில் சேரும் வார்ப்பிரும்பு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரிக்குப் போய், உருகி, பம்ப் ஆகிவிடும்.

வண்டி தயாரானது. பிரபுவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நானே ஓட்டிப் பார்க்கப் போனேன். வால்பாறை மலைப்பாதையில் ஆழியாறு தாண்டி அட்டகட்டி வரை ஏறினோம். ஏறும்போது வண்டி தேன் மாதிரி போனது. இறங்கும்போது முதல் சில வளைவுகள் சரி. பிறகு பெடல் கொஞ்சம் ஆழமாகப் போனது. அடுத்த வளைவில் இன்னும் ஆழம். ஷூக்களின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் கருகும் வாசனை மூக்கில் ஏறியது. அதற்கடுத்த வளைவில் மிதித்தேன், பெடல் தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. முதல் கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலையோரத்து மண்மேட்டில் சக்கரத்தை உரசி நிறுத்தினேன். எதிர்ப்பக்கம் பள்ளம். பிரபுவின் முகத்தில் ரத்தமே இல்லை. என் முகத்திலும் இருந்திருக்காது.

இறங்கிப் போய், குடிக்க வைத்திருந்த தண்ணீரை விரலால் எடுத்து, சக்கரத்தின் ஓட்டை வழியாக டிரம்மில் தெளித்தேன். தோசைக்கல்லில் விழுந்த மாதிரி சுர்ரென்று பொரிந்து மறைந்தது.

“லைனிங் சரியில்லைங்களா அக்கா?”

“லைனிங்கும் சரி, டிரம்மும் சரி. இங்கிலாந்துல சமதரையில ஓடுறதுக்குச் செஞ்சதுங்க இது. இந்த மலைக்கு இல்ல.”

சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி எனக்கே வந்தது. அப்படியானால் டாக்டரம்மா இத்தனை வருஷம் இதே வண்டியில் எப்படி ஏறி இறங்கினார்? நன்றாக ஆற விட்டு, முதல் கியரிலேயே ஊர்ந்து ஆழியாறு வந்து, அங்கிருந்து போன் போட்டேன்.

“பழைய டிரம் எங்கீங்க?” என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

“தேஞ்சுபோச்சுன்னு கழட்டிட்டோமுங்க.”

“கழட்டுனது சரி அம்மணி. எங்க வெச்சிருக்கீங்க?”

“பழைய இரும்போட போட்டுட்டோமுங்க” என்றேன்.   அந்த டிரம் வந்த கதையை அவர் சொன்னார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரசவம் சிக்கலான ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்ணை இதே வண்டியில் பொள்ளாச்சிக்குக் கொண்டுவந்திருக்கிறார். பின் சீட்டில் அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்தபடி ஸ்டெல்லா சிஸ்டர். பாதி மலையில் எனக்கு ஆனதுதான் அவருக்கும் ஆனது. பெடல் போய்விட்டது. மேட்டில் மோதி நிறுத்தினார். அந்த வளைவிலேயே, சாய்ந்து கிடந்த காருக்குள்ளேயே, குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன.

“பொழைச்சது எங்க சாமர்த்தியம் இல்லீங்க. அடுத்த வாரமே கோயமுத்தூருக்கு வந்து, மோட்டார் பம்ப்பு செய்யிற ஒருத்தர்கிட்ட அழுதுபோட்டேன். இங்கிலீஸ் டிரம்மு வாங்கறதுக்கு அப்ப வழியே கெடையாது. அவரு படம் கேக்கல, அளவு கேக்கல. மொதல்ல மலைக்குப் போலாம் வாங்கன்னாரு. கார்ல கூடவே வந்து, வளைவுக்கு வளைவு எறங்கித் தண்ணி தெளிச்சுப் பாத்தாரு. எங்க பொரியுது, எங்க வழியுதுன்னு. அப்பறம் அந்த டிரம்மைச் செஞ்சு குடுத்தாரு. இனி நீங்களும் தண்ணி தெளிச்சுப் பாத்துட்டே எறங்குங்கன்னு சொன்னாரு. அது ஸ்டெல்லா வேலை ஆயிப்போச்சு.”

“அவரு பேருங்க?”

“நாயுடுன்னுதான் கூப்பிடுவோம். முழுப்பேரு நான் கேக்கவே இல்ல பாருங்க.”

பட்டறைக்குப் போன் போட்டேன். பழைய இரும்பு காலையிலேயே போய்விட்டதாகச் சொன்னார்கள். பொள்ளாச்சி ரோட்டில் நான் அன்று ஓட்டிய வேகத்தில் நீங்கள் ஓட்டினால் வேலையை விட்டு அனுப்பிவிடுவேன். சமதரையில் அந்த இங்கிலாந்து டிரம் அருமையாகப் பிடித்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பவுண்டரி முதலாளி எனக்குப் பழக்கமானவர். “உங்க சாமான்ல பாதி உலைக்குள்ள போயிருச்சுங்களே” என்றார். மீதிக் குவியலைக் கிளறினோம். பிரபு இஸ்திரி போட்ட சட்டையோடு இரும்புக் குவியலில் மண்டி போட்டார். ஒன்றுதான் கிடைத்தது, இடது டிரம். வலது டிரம் எதிரே உலையில் வெளிச்சமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. 

கிடைத்ததை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். அப்போதுதான் அதை முதன்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த வரிகள் என்ன என்று பளிச்சென்று தெரிந்தது. நம் ஊரில் எந்தக் கிணற்று மேட்டுக்குப் போனாலும் பார்க்கலாம், மின் மோட்டாரின் உடம்பில் சுற்றிலும் வரி வரியாக இருக்கும். காற்றுப் பட்டுச் சூடு இறங்குவதற்காக வைத்தது. மோட்டார் செய்கிற மனுஷர், மோட்டாருக்குச் செய்வதைக் காரின் டிரம்முக்குச் செய்திருக்கிறார். பிறந்ததிலிருந்து அந்த வரிகளைப் பார்த்து வளர்ந்த நாங்கள் அத்தனை பேரும் பட்டறையில் சுற்றி நின்று, லோக்கல் என்று சிரித்திருக்கிறோம்.

விரலால் வரி வரியாகத் தடவிப் பார்த்தேன். சக்கரத்தில் இடிக்கும் இடத்தில் வரிகளின் உயரத்தைக் குறைத்திருந்தார். உள்ளே உரசும் இடத்தில் மட்டும் தடிமன் கூட்டியிருந்தார். அப்பாடா, எவ்வளவு யோசித்திருக்கிறார்! ஒரு டாக்டர் அழுதார் என்பதற்காக ஒரே ஒரு காருக்கு இத்தனை யோசனை.

“இதையே வெச்சு ரெண்டு வார்த்துப்போடலாமுங்க. ஸ்கேன் பண்ணி, தேஞ்ச எடத்தைச் சேத்துப்போட்டு, அச்சு எடுத்துட்டாச் சீக்கிரம் ஆயிரும்” என்றார் முதலாளி.

பிரபுவுக்குச் சம்மதமில்லை. “அக்கா, அது பழைய லோக்கல். இப்ப அதைப் பாத்து இன்னொரு லோக்கல் செய்யிறதா? ஒரிஜினலே பூட்டியிருக்குது. மெதுவா ரெண்டாவது கியர்ல வந்தாப் போதாதுங்களா? மேகம் வேற கூடிட்டு இருக்குது. மழை புடிச்சா ரோடு சரியும், சிஸ்டர் அங்கியே மாட்டிக்குவாங்க.”

அவர் சொன்னதில் தப்பில்லை. வானத்தை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பக்கம் ஒரு பெண்ணின் இரண்டு கண்கள். மறுபக்கம் காருக்குள் இருக்கப்போகிற எல்லா உயிரும். இந்த இடத்தில் யாரும் உங்களுக்குப் பதில் சொல்லித்தர மாட்டார்கள். புத்தகத்திலும் இருக்காது.

“அந்த டிரம்மோட இந்த வண்டி மலையேறாதுங்க. நான் போலாம்னு சொல்லமாட்டேன். உங்க அம்மாகிட்ட வேணும்னாச் சொல்லிக்கங்க” என்றேன்.

கோபத்தில் அவர் அப்போதே அம்மாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வந்த பதில் ஒரே வரிதான்: “அம்மணி சொல்றதைக் கேளு கண்ணு.”

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் அச்சுக்குத் தயாரானபோது முதலாளி இரண்டு உருவத்தையும் கம்ப்யூட்டரில் காட்டினார். அச்சு அசல் ஒரே மாதிரி இரண்டு. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றேன். வரிகள் சாய்வாக இருக்கின்றனவே! இடது சக்கரம் முன்னோக்கிச் சுற்றும்போது அந்தச் சாய்வு வெளிக்காற்றை வாரி டிரம்மின் மேல் தள்ளும். அதே டிரம்மை வலது பக்கம் பூட்டினால் எதிர்த்திசையில் அல்லவா சுற்றும்? காற்றைத் தள்ளுவதற்குப் பதிலாக விலக்கிவிடுமே!

வண்டியைப் பிரிக்கும்போது எல்லாவற்றையும் போட்டோ எடுக்கச் சொல்லி உங்கள் உயிரை வாங்குகிறேன் இல்லையா? அந்தப் போட்டோவைத் தேடினேன். உருகிப்போன வலது டிரம் அதில் இருந்தது. வரிகள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

முதலாளி போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.  “எனக்கு இதைக் கம்ப்யூட்டர்ல திருப்பிப்போட ஒரு பட்டனுங்க. அந்த மனுசன் ரெண்டுக்கும் தனித்தனியா மரத்துல செதுக்கியிருக்கோணும். சாய்ஞ்ச வரி இருக்கற மர அச்சை மண்ணுலருந்து முழுசா உருவ முடியாது, மண்ணு இடிஞ்சுபோகும். ஒவ்வொரு வரியும் தனித்தனித் துண்டா செஞ்சு, ஒன்னொன்னா உருவியிருப்பாரு. ஏஞ்சாமி, ஒரு வண்டிக்கா!” என்றார். வார்ப்பிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். எழுந்து நின்றுதான் இதைச் சொன்னார்.

இரும்பை ஊற்றும் நாளில் பிரபுவும் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அச்சுக்குள் இரும்பு இறங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்தார். ஆறிய பிறகு மண்ணை உதறி முதல் டிரம்மைக் கையில் கொடுத்தார்கள். வரிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கடைந்து, சமநிலை பார்த்து, பூட்டி, மறுபடி அட்டகட்டி வரை போய் வந்தேன். பெடல் இம்மிகூட இறங்கவில்லை. அன்று மாலை டாக்டரம்மாவுக்குப் போன் செய்து “போலாமுங்க” என்றேன்.

வால்பாறைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். பிரபு ஓட்டினார், நான் பக்கத்தில், டாக்டரம்மா பின்னால். மேகம் மலைமேல் உட்கார்ந்திருந்தது, மழை இன்னும் பிடிக்கவில்லை. தேயிலைக்கு நடுவே தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளைத் தாண்டி, ஒரு சின்ன வீட்டு வாசலில் ஸ்டெல்லா சிஸ்டர் பெட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலை, தடித்த கண்ணாடி. வண்டி வளைவில் திரும்பும்போதே எழுந்து நின்றுவிட்டார். கண் தெரியாதவருக்கு எஞ்சின் சத்தம் போதுமாக இருந்தது.

“லேட்டு டாக்டர்” என்றார்.

“ஆமாடி, உன்னாலதான் எல்லாம் லேட்டு” என்றார் டாக்டரம்மா. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டே பின் சீட்டில் ஏறினார்கள்.

இறங்கத் தொடங்கினோம். வளைவுக்கு வளைவு பிரபு என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் பெடலைப் பார்த்தேன். பாதி மலை வந்ததும் பின்னாலிருந்து சிஸ்டரின் குரல், “தம்பி, அடுத்த திருப்பம் தாண்டி மேட்டோரமா நிறுத்துங்க.”

குழந்தை பிறந்த வளைவு அதுதான் என்று டாக்டரம்மா எங்களுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. பிரபு நிறுத்தினார். சிஸ்டர் தானே கதவைத் திறந்து இறங்கினார். ஒரு கையால் வண்டியின் உடம்பைத் தடவிக்கொண்டே முன்சக்கரத்துக்கு வந்தார். “தண்ணி” என்று கையை நீட்டினார், ஆபரேஷன் டேபிளில் கத்தி கேட்கிற மாதிரி. பாட்டிலைக் கொடுத்தேன். குனிந்து, சக்கரத்தின் ஓட்டையை விரலால் தேடி, தண்ணீரைத் தொட்டுத் தெளித்தார். தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

 சத்தம் எதுவும் இல்லை. தண்ணீர் சும்மா வழிந்து சொட்டியது.

மறுபக்கம் போய் வலது சக்கரத்திலும் அதையே செய்தார். உலையில் உருகிப்போய், போட்டோவைப் பார்த்துத் திருப்பிச் செய்த வலது டிரம். அதிலும் தண்ணீர் வழிந்தது.

“அதே டிரம்தான்” என்றார் சிஸ்டர், நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு. “நான் பயந்துட்டே இருந்தேன், மாத்தியிருப்பாங்களோன்னு.”

நான் பிரபுவைப் பார்த்தேன். அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்திருந்தார். தோள் குலுங்கியது. இல்லை சிஸ்டர், இது புதுசு என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் அது பொய்யாகத்தான் இருந்திருக்கும் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

சிஸ்டர் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பிரபு கண்ணைத் துடைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து சிஸ்டரின் குரல் வந்துவிட்டது.

“ம். போலாம்.”